சரிவுக்குப் பல் வைத்தியம்

“என்னங்க, மறுபடியும் மண்ணு சரிஞ்சிருக்கு,” என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தார். மலைச்சரிவில் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. கொல்லைப்புறம் சரிந்து இறங்கி ஒரு கல்சுவரில் முடியும். சுவருக்கு அந்தப் பக்கம், தாழ்வில், கீழ்வீட்டுக்காரர் தோட்டம். ஒரு கூடை மண் சுவரைத் தாண்டி அங்கே விழுந்திருந்தது.

“இன்ஜினியரைக் கூப்பிடுங்க. இல்லேன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அது சமதரையில இருக்கு.”

“அவர் என்ன சொல்லுவார்? எதையும் தொடாதீங்கன்னு கட்டும்போதே சொல்லிட்டார். நான் டாக்டர். தொடாம எப்படி வைத்தியம் பண்றது?”

மன்னிப்புக் கேட்கக் கீழே போனார். கீழ்வீட்டுக்காரர் தங்கமான மனிதர்.

“அட, ஒரு கூடை மண்ணுக்குப் போய்! ஆனா டாக்டர், அந்தக் காட்டுப் புல்லு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.”

டாக்டருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பல்லில் காரை படிந்தால் சுரண்டி எடுக்க வேண்டாமா? விடுமுறை நாள் முழுக்கக் குந்தியபடியே புல்லை வேரோடு பிடுங்கினார். சரிவு பளிச்சென்று ஆனது. அடுத்த மழைக்குப் பளிச்சென்ற சரிவு பாதி சேறாக ஓடியது.

“புல்லு பிடிச்சு வச்சிருந்தது மண்ணைங்க, ஈரத்தை இல்லை,” என்றாள் மனைவி.

“இப்ப சொல்லு!”

“புடுங்கும்போதே சொன்னேன். நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க.”

இந்த முறை கீழ்வீட்டுக்காரரே மேலே ஏறி வந்துவிட்டார். “சாஞ்சு நிக்குதே அந்த மரம், அது ஆடி ஆடியே மண்ணு இளகுது, பாருங்க.”

ஆடுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்து டாக்டருக்குப் பழக்கமில்லை. ஆள் வைத்து மரத்தை வெட்டி, அடிவேரையும் தோண்டி எடுத்தார்.

“வேர் உடையாம முழுசா வந்துடுச்சு!” என்று குழியைக் காட்டிப் பூரித்தார்.

“வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

மழை வந்து கொப்புளித்தது. குழியில் தண்ணீர் தேங்கி, சரிவு முழுக்க ஊறி, சமையலறைத் தரையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. மனைவி பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்தாள். காலிப் பெட்டிதான். இருந்தாலும் டாக்டர் உடனே கீழே இறங்கிப் போனார்.

“சுவர்ல வரிசையா ஓட்டை இருக்கே, அதுலேர்ந்து செந்தண்ணி வடியுது,” என்றார் கீழ்வீட்டுக்காரர். “மண்ணெல்லாம் அது வழியா போயிடுமோ என்னவோ. நான் என்னத்தைக் கண்டேன், நீங்க படிச்சவங்க.”

“ஐயோ, தண்ணி வெளியேறத்தாங்க அந்த ஓட்டையை விட்டிருக்காங்க!” என்று மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

“ஓட்டையைப் பார்த்துட்டு அடைக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது.”

சிமெண்டைக் குழைத்து, விரலால் அழுத்தி, மேலே வழித்து, ஒவ்வொன்றாக அடைத்தார். கடைசி ஓட்டையை முடித்ததும் பழக்க தோஷத்தில் சுவரிடம், “ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க,” என்றார்.

சுவர் சாப்பிடவில்லை, குடித்தது. பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கிக்கொண்டே வந்தது. ஒரு மத்தியான மழையில், பெரிய ஏப்பச் சத்தத்தோடு நடுவில் பிளந்துகொண்டது. கொல்லைப்புறம் மொத்தமாகக் கீழே போனது. சமையலறையின் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது.

பெட்டியில் இப்போது துணி இருந்தது.

“இன்ஜினியருக்குச் சொல்லிட்டேன். அவர் வர்ற வரைக்கும் ரெண்டு கையையும் பாக்கெட்ல வச்சுக்குங்க.”

டாக்டர் கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே சேற்றில் இறங்கினார். பாவம், அந்த நல்ல மனிதரின் தோட்டமே புதைந்திருக்குமே! ‘நான் ஒரு அடிமுட்டாள், மன்னிச்சிடுங்க’ என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். முதல் பாதியில் தடங்கலே இல்லை; பொய் கலக்காததால் சரளமாக வந்தது.

கதவைத் திறந்தது கீழ்வீட்டுக்காரரின் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க டாக்டர்! அவர் செடி வாங்கப் போயிருக்கார். எங்க தோட்டத்துல எத்தனை வருஷப் பள்ளம், நிரம்பி மட்டமாயிடுச்சு பாருங்க! அதோ, அந்த மூலை ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் உங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு யோசனை வச்சிருக்காராம்.”