மே மாதத்துக்கு அப்புறம் வந்த பிப்ரவரி

"முறைதவறிப் பொறந்தவரா? எங்க முப்பாட்டன் ஜோசையாவா?" ஆம்ப்ரோஸ் டட்டிலின் கைத்தடி டொக்கென்று தரையில் இறங்கியது.

கோயில் பதிவேடுகளைக் காக்கும் ஹெஸ்டர் அம்மையார் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "நான் சொல்லலை ஐயா, ஏடு சொல்லுது. ஜோசையாவுக்கு ஞானஸ்நானம் 1731 பிப்ரவரி. அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் 1731 மே."

டட்டிலுக்கு வயது எழுபத்தெட்டு. மனைவி ஐடா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவளருகே தானும் படுக்க வேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். தோட்டத்திலோ இடமில்லை. ஆதிமுதல் இவ்வூருக்கு உரிய குடும்பங்களுக்கே இனிப் புதுக்குழி என்று கோயில் குழு போன மாதம் விதித்துவிட்டது.

"அதனால பாதகமில்லை," என்றார் ஹெஸ்டர். "கல்யாணத்துக்கு முந்திப் பொறந்த பிள்ளை, பொறந்த ஊருக்குச் சொந்தம். அது அந்தக் காலத்துச் சட்டம். நீங்க நம்ம ஊருதான். எழுதிக் குடுத்துடவா?"

சரி என்று தலையாட்டியிருக்கலாம். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுப் பொம்பளைமேல பழி போட்டுத்தான் எனக்கு இடம் கிடைக்கணுமா? வேண்டாம்மா!"

நான்கு நாள் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் குடைந்துவிட்டு, ஐந்தாம் நாள் மூச்சிரைக்க வந்தார்.

"அப்பல்லாம் மார்ச் இருபத்தஞ்சுலதான் வருஷமே பொறக்கும்! அந்த வருஷத்துல மே முதல்ல வரும், பிப்ரவரி கடைசியில வரும். எண்ணிப் பாருங்க, சுளையா ஒன்பது மாசம்!"

ஹெஸ்டர் விரல்விட்டு எண்ணினார். முகம் வாடியது. "கணக்கு சரிதான். ஆனா முறையாப் பொறந்த பிள்ளைக்கு அப்பன் ஊருதானே ஊரு? அவர் நார்ட்டன்காரர்னு இங்க போட்டிருக்கே ஐயா."

டட்டில் தட்டுத்தடுமாறி ஐடாவின் கல்லறைக்குப் போய் உட்கார்ந்தார். "பாட்டி மானத்தைக் காப்பாத்திட்டேன் ஐடா. உன்னை விட்டுட்டேனே," என்று வாய்விட்டு அழுதார்.

குழிவெட்டும் லென் புல் அறுப்பதை நிறுத்தினான். "என்ன பெரியவரே, யாராவது போயிட்டாங்களா?"

டட்டில் விஷயத்தைச் சொன்னார்.

"அட, அது புதுக்குழிக்குத்தானே விதி? உங்களுக்கு எதுக்குப் புதுக்குழி?" என்றான் லென். "படுக்கையில கெடந்தப்பவே ஐடா அம்மா என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. 'ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டு லென், எனக்கு மேல அவருக்கும் இடம் இருக்கட்டும். அந்த மனுஷன் எதையாவது நிரூபிக்கப் போயி, கிடைக்கிற இடத்தையும் கெடுத்துக்குவாரு'ன்னாங்க."