புகை தின்ற கசடு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பழைய கதை. நெருப்பின் புகைக்கு மனிதகுலம் முதன்முதலாகப் பொறுப்பேற்றது பின்லாந்தில், போத்னியா வளைகுடாக் கரையிலிருக்கும் ஓர் இரும்பாலையில். அந்தப் பெருமையில் பாதி, ஆய்வுக்கூட ஊழியர் சைமி கோர்டெலாவையே சேரும். மீதிப் பாதியைத்தான் அவள் தாங்க முடியாமல் தவித்தாள்.

ஆலைக்குப் பின்னால் இரும்பை உருக்கும்போது மிஞ்சும் கசடு ஐம்பது வருடமாக மலையாய்க் குவிந்திருந்தது. சைமி பதினோரு குளிர்காலம் பனியைச் சுரண்டி, அதை அள்ளி வந்து சோதித்தாள். கசட்டைப் பொடித்து, நனைத்து, புகையைச் செலுத்தினால் கரியமில வாயு அதற்குள்ளேயே கல்லாக உறைந்துவிடுகிறது! நிஜமாகவே நல்ல கண்டுபிடிப்பு. ஆலை இயக்குநர் இல்போ ஹக்கலாவின் கண்கள் கலங்கின. ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனை வென்றபோதுகூட அவை அவ்வளவு கலங்கவில்லை.

"சைமி, இது எவ்வளவு புகையைத் தின்னும்?"

"உலை விடுற இருபது டன்ல ஒரு டன்."

"மிச்சம் பத்தொம்போது?"

"வழக்கம்போல வானத்துக்குத்தான்."

இல்போ மூன்றாவது கோப்பைக் காப்பியோடு சிந்தனையில் மூழ்கினார்.

"அப்போ கசடு பத்தல. கசடு எதுலேர்ந்து வருது?"

"உலையிலேர்ந்து."

"பாத்தியா! இன்னொரு உலை கட்டிடலாம்."

சைமிக்குப் புரையேறியது. "அதுவும் புகை விடுமே, இல்போ!"

"விடட்டுமே. தின்னத்தான் ஆள் இருக்கே!"

உடனே 'காலநிலைப் பசி தீர்க்கும் குழு' அமைந்தது. நான்கே கூட்டங்களில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானங்கள் நிறைவேறின. இரண்டாவது உலை இனி 'கசடு உற்பத்தி நிலையம்'. புகையின் பெயர் 'தீவனம்'. அனுமதி விண்ணப்பத்தோடு இணைக்க முப்பத்திரண்டு பக்க அறிக்கை தயாரானது. அதில் 'பசுமை' நூற்றுப்பதினான்கு முறை வந்தது. 'பத்தொன்பது' ஒருமுறைகூட வரவில்லை.

மதியம் உணவுக்கூடத்தில், சால்மன் சூப்போடு கிரேன் ஓட்டுநர் உர்போ சைமிக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"விண்ணப்பத்துல கையெழுத்து நீதான் போடணுமாமே?"

"அதிகாரிங்க என் பேரைத்தான் நம்புவாங்களாம்."

"புது உலை வர்றது என் வீட்டுக்கு நேர் எதிர்ல. கடன் வாங்கிக் கட்டின வீடு."

"போடலேன்னா எனக்கு வேலை போயிடும், உர்போ."

அவன் சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை. அவளுக்கோ கசட்டை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. பாவம், அது தன்னால் முடிந்ததைத் தின்கிறது. எல்லாப் புகையையும் தின்கிறேன் என்று அது எங்கேயும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை இல்போ அனுமதி விண்ணப்பத்தை நீட்டினார்.

"மூணு கட்டம் காலியா இருக்கு. நீயே நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பிடு. நான் படகுக்குப் போறேன்."

"படிச்சுப் பாக்கலியா?"

"உன்மேல எனக்கு முழு நம்பிக்கை!"

சைமி நிரப்பினாள். கையெழுத்திட்டாள். மனசு மாறுவதற்குள் தானே நடந்துபோய்த் தபாலில் சேர்த்தாள்.

மூன்றே வாரத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கூடவே, 'இத்தனை தெளிவான விண்ணப்பம் இந்த அலுவலகத்துக்கு இதுவரை வந்ததில்லை' என்று ஒரு பாராட்டுக் கடிதம். இல்போ நகலை வரவழைத்து, முதல்முறையாகப் படித்தார்:

பிரதான உற்பத்தி: புகை.

உப உற்பத்தி: இரும்பு, கசடு.

கழிவு: இத்துடன் இணைக்கப்பட்டுள்ள அறிக்கை, 32 பக்கங்கள்.