மாமனார் காரின் விசில்

மாப்பிள்ளையின் வலது கை மாமனாரின் காருக்குள் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே போகும்போது நல்ல பிள்ளையாகப் போன கை, வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"யாராவது சோப்புத் தண்ணி கொண்டு வாங்க!" என்று கத்தினார். தலையும் பானெட்டுக்குள்ளேயே இருந்ததால் கூப்பாடு என்ஜினுக்கு மட்டும்தான் கேட்டது.

தற்செயலாக அந்தப் பக்கம் வந்த சமையல்காரம்மா, காருக்கு வெளியே இரண்டு கால்களை மட்டும் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயையோ, மாப்பிள்ளை! கார் உங்களை முழுங்குதா?"

"இல்லம்மா, வால்வு மாத்தறேன்."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, சாவகாசமாக சோப்புத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

ஊரில் நாலைந்து பேரிடம் மட்டுமே இருந்த உயர்ரகக் கார் அது. உட்கார்ந்தால் சீட்டே முதுகைப் பிடித்துவிடும். மழை வந்தால் யாரும் சொல்லாமலே கண்ணாடி ஏறிக்கொள்ளும். இத்தனை சொகுசுக்கும் நடுவே மூன்று வருஷமாக ஒரு விசில். என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்ற ஒரு வால்வு உண்டு. என்ஜின் மூச்சு விடுவதே அதன் வழியாகத்தான். அதற்குள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டால் காற்று அந்தக் கிழிசல் வழியே கூவும். மாமனார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் 'உய்ய்ங்' என்று கேட்டுவிடும். காரை வடிவமைத்தவர்களுக்கு அந்த வால்வின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை, என்ஜினுக்குப் பின்னால், குழாய்களுக்கெல்லாம் அடியில், கண்ணுக்கும் தெரியாமல் கைக்கும் எட்டாமல் ஒளித்து வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு எந்திரக் கிறுக்கு உண்டு. விசில் கேட்டதும் ஹால் சோபாவில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று காதாலேயே துழாவுவார். அவர் கண்ணைத் திறக்கும்போது எதிரே மாமனார் நிற்பார்.

"என்ன மாப்பிள்ளை, தூக்கமா?"

"இல்ல மாமா, சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"கேளுங்க, கேளுங்க."

அதே நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் சுறுசுறுப்பின் மறு உருவமாக இருப்பார்கள். மாமியார் துணி மடித்துக்கொண்டிருப்பார். மனைவி புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், கடை ஃபைலைப் புரட்டிக்கொண்டே பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார். பகல் முழுக்கக் குறட்டை விட்ட மனுஷன் மாமனார் நுழையும் நேரத்தில் மட்டும் எப்படி ஃபைலோடு இருக்கிறார் என்பது மாப்பிள்ளைக்கு விளங்காத மர்மம். மூன்று வருஷமாக இந்த வீட்டில் தான் ஒருவர்தான் தண்டச்சோறு என்ற அவமானம் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது மாமனார் பெயிண்ட் கடைக்கு இரண்டாவது கிளை திறக்கப் போகிறார். வெளியூர் போயிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்ததும் கிளையின் சாவியை மகனுக்கோ மருமகனுக்கோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தன் திறமையைக் காட்டிவிட வேண்டும். வால்வைத் தவிர மாப்பிள்ளைக்கு வேறு வழி தெரியவில்லை.

மெக்கானிக்குக்கு ஏற்கெனவே போன் பண்ணியிருந்தார்.

"அந்த வால்வு ஸ்டாக் இல்ல சார்."

"மூணு வருஷமாவா இல்ல?"

"கப்பல்ல வருது சார்."

மாப்பிள்ளை தானே ஆர்டர் போட்டார். நாலாவது நாள் வீட்டு வாசலில் பெட்டி வந்து இறங்கியது.

வீட்டிலும் யாரும் உற்சாகப்படுத்தவில்லை. "அந்தச் சத்தம் உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்றாள் மனைவி. அதிகம் பேசாத மாமியார்கூட, "பழகின சத்தம் மாப்பிள்ளை, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மச்சானோ ஒரு படி மேலே போய், "கைய வெட்டிக்கிட்டீங்கன்னா? எங்களுக்கு நீங்கதானே முக்கியம்!" என்று உருகினார். மச்சான் உருகியதைப் பார்த்ததும் இது பொறாமையேதான் என்று மாப்பிள்ளை முடிவு கட்டினார்.

சோப்புத் தண்ணீரில் கை வெளியே வந்தது. கையிலிருந்த ஸ்பேனர் உள்ளேயே தங்கிவிட்டது.

ஸ்பேனரை எடுக்க, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை நூலில் கட்டி உள்ளே இறக்கினார். காந்தம் ஸ்பேனரைச் சீண்டவே இல்லை. வழியில் இருந்த ஓர் இரும்புத் துண்டைக் கண்டதும் அதோடு ஐக்கியமாகிவிட்டது. இழுத்ததில் நூல் அறுந்தது.

சரி, மேலிருக்கும் குழாய்களையே கழற்றிவிடலாம் என்று இறங்கினார். போனில் பார்த்த செய்முறை வீடியோவில் ஒன்பது போல்ட் என்று சொன்னார்கள். இவருக்குப் பதினொன்று வந்தது. எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்று மறக்காமலிருக்க ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி வைத்தார். ஸ்பேனரையும் காந்தத்தையும் மீட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது தட்டைக் காணோம்.

"அழுக்கா இருந்துச்சு, கழுவிட்டேன்" என்றாள் சமையல்காரம்மா. தட்டு பளபளத்தது. பதினொரு போல்ட்டும் ஒரு டம்ளருக்குள் குவியலாகக் கிடந்தன.

ஒருவழியாகப் பழைய வால்வை உருவி எடுத்தார். அதோடு ஒட்டியிருந்த ரப்பர் குழாய் பாதியாகப் பிளந்தது. புது வால்வை மாட்டி, பிளந்த குழாய்க்கு டேப் சுற்றி, போல்ட்டுகளை உத்தேசமாகத் திருகி, ஸ்டார்ட் பண்ணினார். இதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த கார் இப்போது ஒப்பாரி வைத்தது.

வீடே வாசலுக்கு ஓடி வந்தது.

"முன்னைவிட நல்லாவே கேட்குது!" என்றார் மாமியார். அவர் முகத்தில் இப்படி ஒரு மலர்ச்சியை மாப்பிள்ளை பார்த்ததே இல்லை.

மச்சான் தோளில் தட்டினார். "விடுங்க மாப்ள. உங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டீங்க. இனிமே அதுல கையே வைக்காதீங்க, என்ன?"

ஆறுதல் சொல்லிவிட்டு எல்லோரும் நிம்மதியாக உள்ளே போனார்கள். தன் தோல்வியில் இவர்களுக்கு இத்தனை சந்தோஷமா என்று மாப்பிள்ளை பொருமினார். வால்வு வந்த பெட்டியை ஆத்திரத்தில் எட்டி உதைத்தார். உள்ளேயிருந்த அட்டை மடிப்பு பிரிந்து, புத்தம் புது ரப்பர் குழாய் ஒன்று உருண்டு வந்தது. வால்வு அடிபடாமலிருக்க வைத்த வெறும் அட்டை என்று நினைத்து அந்த மடிப்பை அவர் திறந்தே பார்க்கவில்லை!

மறுபடி பதினொரு போல்ட். மறுபடி சோப்புத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை அழுத்தினார். சீட்டின் லேசான அதிர்வு நின்றது. அதுவரை என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் நேராக ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் மாமனாரை ஏற்றிக்கொண்டார்.

இரண்டு தெரு தாண்டியதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது தெருவில் காதை டேஷ்போர்டு பக்கம் கொண்டுபோனார்.

"சத்தம் எங்க மாப்பிள்ளை?"

"போச்சு மாமா! நானே என் கையால மாத்தினேன்."

"ஓ" என்றார் மாமனார். ஜன்னல் வழியே வெகுநேரம் வெளியே பார்த்தார். ஒரு சபாஷ்கூடக் கிடைக்கவில்லையே என்று மாப்பிள்ளைக்கு ஏமாற்றமாகிவிட்டது.

தெருமுனை வந்தது. "கொஞ்சம் ஹாரன் அடிங்களேன்" என்றார் மாமனார்.

"தெருவுல ஒரு ஈ காக்கா இல்லையே மாமா!"

"அதுவும் சரிதான்."

கார் நிழல்போல் வாசலில் வந்து நின்றது. இருவரும் இறங்கி, வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்தார்கள்.

மச்சான் சோபாவில் மல்லாந்து கிடந்தார். கடை ஃபைல் அவர் முகத்தின் மேல் குறட்டைக்கு ஏற்ப ஏறி இறங்கியது. மனைவி வாசலுக்கு முதுகைக் காட்டி, டீபாய் மேல் காலை நீட்டி, டிவி சீரியலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் காதில் ஹெட்போனோடு, கைபேசியில் மும்முரமாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். மடிக்க வேண்டிய துணி பக்கத்தில் மலையாகக் கிடந்தது.

சமையலறை வாசலில் நின்ற சமையல்காரம்மா மட்டும்தான் இவர்களைப் பார்த்தாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா... விசிலே கேட்கலையே!" என்று கிசுகிசுத்தாள். "கேட்டிருந்தா எல்லாரையும் எழுப்பிவிட்டிருப்பேனே!"

மூன்று வருஷத்து மர்மம் மாப்பிள்ளைக்கு ஒரே நொடியில் விளங்கியது. தான் கண்ணை மூடிச் சத்தத்தை ஆராய்ந்த அந்த ஒரு நிமிடத்தில்தான் இந்த வீட்டின் மொத்த வேலையும் நடந்திருக்கிறது! கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். இன்றைக்கு மச்சான் தொலைந்தார். பொங்கி வந்த சந்தோஷத்தோடு மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்.

மாமனார் உதட்டின் மேல் விரலை வைத்தார். மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்து மெல்ல வாசலுக்கு வெளியே இழுத்துவந்து, ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி இரண்டு தடவை இருமினார். உள்ளே டிவி நின்றது. யாரோ ஓடினார்கள். ஒரு நாற்காலி விழுந்தது. ஃபைல் சரசரத்தது.

மாமனார் சட்டைப் பையிலிருந்து கிளையின் சாவியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்து அழுத்தினார்.

"கடை உங்களுக்குத்தான். விசில் கேட்டும் எந்திரிக்காம, நடிக்காம படுத்திருந்தது இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சிராய்த்துப்போன விரல்களால் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப வால்வு மாத்தினது, மாமா?" என்று ஆவலோடு கேட்டார்.

உள்ளே ஓடும் காலடிச் சத்தங்கள் அடங்கும்வரை மாமனார் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குடும்பம் சந்தோஷமா இருக்கட்டும்னு, 'ஸ்டாக் இல்ல'ன்னு மூணு வருஷமா அந்த மெக்கானிக்கைச் சொல்லச் சொன்னதே நான்தான்... பழைய வால்வைத் தூக்கிப் போட்டுடலையே மாப்பிள்ளை?"