மூடிய கம்பெனியில் பேர் கூப்பிட்டவர்

சத்தம் போட்டு ஊரைப் பயமுறுத்தியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சத்தமே போடாமல் ஒரு மலையை நடுங்க வைத்தவர் எங்கள் கிசுகிசு மேஸ்திரி ஒருவர்தான். சினிமா கிசுகிசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதருக்கு எந்த நடிகையையும் தெரியாது. தெரிந்ததெல்லாம் காளான்.

கொடைக்கானலிலிருந்து கூக்கால் போகிற வழியில், சோலைக்காட்டை ஒட்டி ஒரு காளான் கம்பெனி இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் அங்கே டைப்பிஸ்ட். மேஸ்திரி இருட்டறைகளுக்கு ராஜா. ஜன்னல் இல்லாத நீள நீளமான அறைகளில் அடுக்கடுக்காகக் காளான் முளைத்துக் கிடக்கும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பறிப்பார்கள். சத்தம் கேட்டால் காளான் கூச்சப்பட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது மேஸ்திரியின் கட்சி. அதனால் அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. காதருகே வந்து வெறும் காற்றாகப் பேசுவார்.

வெளியிலும் அதே கதைதான். பஸ்ஸில் "கூக்கால் ஒண்ணு" என்று ஊதுவார். கண்டக்டரும் ஏதோ ரகசியம்போல மெதுவாகச் சில்லறையைத் தருவார். கொஞ்ச நேரத்தில் பஸ் மொத்தமும் துக்க வீடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டு வரும். என் கல்யாணத்தில் மேடையேறி என் மனைவியின் காதில் என்னவோ சொன்னார். அவள் வெலவெலத்துப் போனாள். "என்னங்க, அந்தாளு உங்களப் பத்தி ஏதோ சொல்றாரு, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவர் சொன்னது "நல்லா இருங்க" என்று மட்டும்தான். என் மனைவி இன்றுவரை அதை முழுசாக நம்பவில்லை.

ஒருநாள் கம்பெனி கடனில் மூழ்கிப் போனது. முதலாளி மலையை விட்டு இறங்கியவர் திரும்பவில்லை. கோர்ட் உத்தரவில், சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கிற லிக்விடேஷனுக்குக் கம்பெனி போய், கதவுக்கு சீல் வைத்தார்கள். எங்கள் பல மாதச் சம்பளமும் அப்படியே நின்றது. லிக்விடேட்டர் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி தங்கமான மனுஷர். உள்ளதை உள்ளபடி சொன்னார். "உள்ள இருக்கிற மெஷினெல்லாம் நல்ல விலைக்குப் போகணும். போனா பேங்குக்கும் பங்கு உண்டு, உங்களுக்கும் பங்கு உண்டு. பழைய இரும்பு விலைக்குப் போச்சுன்னா யாருக்கும் ஒண்ணும் தேறாதுங்க."

ஆளாளுக்குப் பிழைப்பைத் தேடிப் போனோம். சிலர் பூண்டுக் காட்டுக்கு, சிலர் திருப்பூருக்கு. செல்லம்மா என்று ஒருத்தி, காளான் பறிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் வசந்தி பாச்சலூரில் சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டாள். நர்சிங்கில் இடம் கிடைத்தும் கட்டப் பணமில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே சொத்து அம்மாவுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கிதான்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பேய் கிளம்பியது. கேரட் லாரிக்காரர் டீக்கடையில் சத்தியம் செய்தார். "உள்ள ஷிப்ட் நடக்குதுங்க! சீல் வச்ச கதவு அப்படியே கெடக்கு, பொம்பளைக குரல் கேக்குது!" காலைப் பனியில் செம்புக் கம்பி திருட வந்த இரண்டு பேர் கட்டிங் பிளேயரையும் ஒற்றைச் செருப்பையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்தச் செருப்பை எடுக்கக்கூட ஒருவரும் துணியவில்லை.

எனக்குப் பேய் நம்பிக்கை இல்லை. அதைப் பகலிலேயே சோதித்துவிடுவோம் என்று காலை எட்டு மணிக்குப் போனேன். மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு கிசுகிசுப்பு.

"ராஜாமணி..."

"இருக்கேன்யா!" ராஜாமணியின் குரல். ராஜாமணி அப்போது திருப்பூரில் பனியனுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தான்.

"முத்துப்பேச்சி..."

முதலில் அவளுடைய இருமல் வந்தது. பிறகு "இருக்கேன்." அடுத்து என் பெயர். அதற்கும் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒரு "இருக்கேன் சார்!" வந்தது. நான் வாயே திறக்கவில்லை.

"செல்லம்மா..."

"இருக்கேனுங்கய்யா."

அவள் குழிக்கு ஒரு கைப்பிடி மண் போட்டவன் நான். ஓடக்கூட முடியாமல் நின்றேன். பனி கொஞ்சம் விலகியது. சீல் வைத்த கதவுக்கு முன்னால் மப்ளரும் குடையுமாக மேஸ்திரி தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். அத்தனை குரலும் அவர் தொண்டையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"என்ன மேஸ்திரி இது கூத்து? உசிரே போயிருக்கும்!"

"பேர் கூப்பிடுறேன், கணக்கப்புள்ள" என்று ஊதினார். ஆபீஸில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குக் கணக்கப்பிள்ளைதான். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. தோட்டத்தில் தினமும் காலையில் பெயர் கூப்பிடும்போது பதில் சொன்னால்தான் அன்றைய கூலி. "பேர் கூப்பிடாட்டி சம்பளம் இல்ல. நாம வேலைய விட்டுட்டுப் போயிட்டோம்னு நாளைக்கு எவனும் சொல்லிடக் கூடாது பாருங்க."

"அதுக்கு செல்லம்மாவ ஏன் கூப்பிடுறீங்க? அவதான் செத்துட்டாளே!"

"அவ கணக்கு இன்னும் தீரலையே. தீராம எப்படிப் போவா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கொஞ்ச நாளில் மெஷின் வாங்க ஓர் ஆள் அகப்பட்டார். பழனியில் பஞ்சாமிர்தம் போடுகிறவர்; எங்கள் காளான் டப்பா மூடுகிற மெஷின்கள் வேண்டுமாம். நல்ல விலை தரத் தயார். அதிகாரி அவரை வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டார். அதுதான் மேஸ்திரி பேர் கூப்பிடுகிற நேரம். மேஸ்திரியிடம் ஓடினேன்.

"மேஸ்திரி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுருங்க. பேய்ச் சத்தம் கேட்டா அவரு காரு பழனியில போய்த்தான் நிக்கும். அந்தப் புள்ள வசந்தி படிப்பு அதோட போச்சு."

"ஒரு நாள் விட்டா விட்டதுதான், கணக்கப்புள்ள. அப்புறம் ஒட்ட வைக்க முடியாது."

பாறையாவது இளகும், அந்த மனுஷர் இளகவில்லை. வேறு வழியில்லாமல் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போன் போட்டேன். "மேஸ்திரி பேர் கூப்பிடுறாரு. எல்லாரும் வெள்ளனே வந்து அவங்கவங்க தொண்டையில பதில் சொல்லிட்டுப் போங்க. கேக்குறது மனுசங்கன்னு பழனிக்காரருக்குத் தெரியணும்!" திட்டிக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் ஜீப்பில் தொற்றிக்கொண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். வசந்தியும் வந்திருந்தாள்.

அன்றைக்கென்று பனி அடைத்துக்கொண்டு நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு காரிலிருந்து இறங்கிய பழனிக்காரர், "ஏங்க, இங்க ஏதோ... குரல் கேக்குமாமே?" என்று இழுத்தார். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஆரம்பித்தார்.

"ராஜாமணி..."

"இருக்கேன்யா!"

பழனிக்காரர் காருக்குள் பாதி ஏறிவிட்டார். ராஜாமணியே ஓடிப்போய் கையைப் பிடித்து இறக்கினான். முத்துப்பேச்சி இருமிவிட்டுப் பதில் சொன்னாள். என் முறையும் வந்தது. சத்தியமாக ஆட்டுக்குட்டிதான், எல்லோரும் சிரித்தார்கள். பழனிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"செல்லம்மா..."

பாவிப்பயல் நான், அவளை அடியோடு மறந்துபோயிருந்தேன். சிரிப்பு அப்படியே நின்றது. வசந்தி தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனிக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் பதறிப்போய் மேஸ்திரியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், உதட்டை இறுக மூடிக்கொண்டு.

"இருக்கேனுங்கய்யா."

குரல் சீல் வைத்த கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. மேஸ்திரியின் உதடு அசையவில்லை. முத்துப்பேச்சி என் கையை நகம் பதியப் பிடித்தாள். வசந்தி மட்டும் பயப்படவில்லை. "அம்மா" என்றாள், மிக மெதுவாக.

பழனிக்காரருக்குச் செல்லம்மா யாரென்று தெரியாதே! "பேரு சொன்னா ஆளு பதில் சொல்லுது, இதப்போய் பேயுங்கிறானுக! கதவத் தொறங்க சார், வெரசா பாத்துட்டுப் போவோம்" என்று குஷியாக உள்ளே போனார்.

குடையை மடக்கிக்கொண்டு மேஸ்திரி கிளம்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோர் பெயரையும் கூப்பிட்ட இந்த மனிதரை இத்தனை நாளில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

"மேஸ்திரி!" என்று கத்தினேன்.

நின்றார். திரும்பினார். மப்ளரைக் கீழே இறக்கினார்.

"இருக்கேன்!"

சோலையிலிருந்த பறவைகளெல்லாம் எழும்பிவிட்டன. நல்ல கனத்த குரல். அன்றுதான் அதை முதல்முறையாகக் கேட்டோம். பிறகு கேட்கவும் இல்லை.

இழுத்தடித்துத்தான் வந்தது, ஆனாலும் பணம் வந்தது. வசந்தி இப்போது மதுரையில் நர்ஸ். "அன்னிக்கு செல்லம்மா குரல்ல பேசுனது நீங்கதானே?" என்று மேஸ்திரியை ஒருமுறை மடக்கினேன். "நான் வாயே தொறக்கலையே" என்று காற்றாகச் சொன்னார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காரை நிறுத்தி, பனியைப் பார்த்து "மேஸ்திரி" என்று கூப்பிடுவேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். பதில் வருகிறதா என்று நீங்கள் கேட்காதீர்கள். ஒரு நாள் விட்டால் விட்டதுதான் என்று சொன்னவர் அவர். அவரை விட்டுவிட எனக்கு மனசில்லை.