ஆறட்டும் அண்ணனின் டெலிட் பட்டன்

கம்ப்யூட்டர் தோன்றிய நாளிலிருந்து, ஒரு ஃபைலைக்கூட அழிக்க மனம் வராத சாஃப்ட்வேர் ஆசாமி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எங்கள் மாடி ஆபீசில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ வந்தால் ஆடை கட்டும்வரை தொடமாட்டார். "ஆறட்டும்ப்பா" என்பார். பெயரே ஆறட்டும் அண்ணன் என்றாகிவிட்டது.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்த ஓர் அக்காவுக்கு ஃபைல் மேனேஜர் செய்துதரும் வேலை வந்தது. டிசைன் படங்களை பிரவுசரிலேயே அடுக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான். யாரோ புண்ணியவான்கள் எழுதி, எடுத்து இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்று கிடைத்தது. அப்லோடு, காப்பி, டெலிட் எல்லாம் அதிலேயே தயார். மத்தியானமே முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். அண்ணனோ டெலிட் பட்டனைப் பிடுங்குவதற்கென்றே நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். பிடுங்கிய இடத்தில் 'ஆறட்டும்' என்றொரு பட்டன் வைத்தார். அமுக்கினால் ஃபைல் கண்ணிலிருந்து மறையும். அடுத்த வாரம், "இன்னும் கோபமா இருக்கீங்களா?" என்று கேட்கும். ஆமாம் என்றால்தான் அழியும்.

"யோவ், அந்தம்மா இதை வேணாம்னுட்டா உனக்கு இங்க வேலை கிடையாது" என்று முதலாளி குதித்தார்.

"போனாப் போகுது சார். பட்டனை மாத்த மாட்டேன்."

முதலாளியும் நாங்களும் காட்டப் போன அன்று பார்த்து, அக்காவின் தம்பி சண்டை போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்குப் போயிருந்தான். டிசைன் எல்லாம் அவன் போட்டவை.

"அந்தப் பய போட்டது ஒண்ணு இங்க இருக்கக்கூடாது. அம்புட்டையும் அழி!"

"அமுக்கிட்டேங்க்கா. அடுத்த வாரம் ஒருக்கா கேக்கும்."

"என் கடையில எனக்கே புத்தி சொல்லுதா ஒம் பொட்டி? எந்திரிச்சுப் போங்கப்பா!"

திரும்பும் வழியெல்லாம் முதலாளி வேறு ஆள் கேட்டுப் போன் போட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் வேலை போச்சு என்றே நானும் நினைத்தேன்.

மறுவாரம் அக்காவே அண்ணனுக்குப் போன் செய்தார். "தம்பி, நேத்து அவன் வந்து சோறு தின்னுட்டுப் போனாம்ப்பா. படமெல்லாம் போயிருச்சா?"

"அங்கனயேதான்க்கா இருக்கு. கோபமான்னு கேக்கும், 'இல்லை'ன்னு அமுக்குங்க, வந்துரும்."

அக்கா போனிலேயே அழுதுவிட்டார். ஃபைல் மேனேஜரும் விலைபோனது, அண்ணன் வேலையும் தப்பியது. முதலாளி அதையே எங்கள் ஆபீசுக்கும் போட்டுக்கொண்டார்.

அப்புறம் நானே முதலாளியோடு முட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். "அவன் லாகினை அழிய்யா!" என்று அவர் அண்ணனிடம் கத்தியது படிக்கட்டுவரை கேட்டது.

போன மாதம் ஏதோ நினைப்பில் அந்த ஆபீசின் பழைய பாஸ்வேர்டைத் தட்டினேன். அட, திறந்துகொண்டது! என் ஃபைல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. மேலே அண்ணன் ஒரு வரி எழுதியிருந்தார்: "ஆறிருச்சாப்பா? ஒனக்கும் சேத்து டீ சொல்லிருக்கேன்."

அண்ணே, வாரேன்.