சகலையின் மரபணு

ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து வந்த மின்னஞ்சலைப் பேராசிரியர் மூன்றாவது முறையாகப் படித்தார். ஒரு கட்டுரையை வெளியிடலாமா கூடாதா என்று அவர் ரகசியமாக மதிப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். எழுதியவர் யாரென்று பார்த்தால், சாட்சாத் அவருடைய சகலை.

சகலை ஒரு மரபணுவைப் பிடித்திருந்தார். சிறுநீரகம் கெடும்போது அது விழித்துக்கொள்கிறது, அதன் அளவை ரத்தத்தில் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்பது கட்டுரை. பேராசிரியருக்கும் சொந்தமாக ஒரு சிறுநீரக மரபணு உண்டு. எட்டு வருடமாக அதோடு மாரடிக்கிறார், அது இன்னும் வாயைத் திறக்கவில்லை. மருந்து கண்டுபிடிக்க அடுத்த வருடம் ஒரே ஒரு மரபணுவைத்தான் ஆராய்ச்சிக் கழகம் தேர்ந்தெடுக்கப் போகிறது. அது சகலையுடையதாக இருந்துவிட்டால் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது.

"எழுதியவர் உங்கள் உறவினரா?" என்று பத்திரிகை கேட்டிருந்தது. சகலைக்கும் தனக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் உண்டா? மரபணு சாட்சியாக 'இல்லை' என்று குறித்தார்.

"நாற்பது நோயாளிகள் எந்த மூலைக்கு? நானூறு பேரிடம் காட்டவும்" என்று எழுதி அனுப்பினார். அன்று சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

சில நாளில் மனைவி தங்கையோடு போனில் பேசிவிட்டு வந்தாள்.

"என்னங்க, எவனோ ஒரு படுபாவி நானூறு பேர் ரத்தம் கேக்குறானாம். தங்கச்சி வீட்டுக்காரர் சரியாத் தூங்கறதே இல்லையாம்."

"அடப்பாவமே!" என்று பேராசிரியர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் கட்டுரை திரும்பி வந்தது. நானூறு பேரிடமும் மரபணு சொன்ன சொல் தவறவில்லை. பேராசிரியருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"நோய் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வருமுன் சொல்லுமா? பழைய ரத்த மாதிரிகளில் காட்டவும்."

மறுபடி போன்.

"அந்தப் பாவி இப்போ பத்து வருஷத்துக்கு முன்னாடி உறைய வச்ச ரத்தம் வேணுங்கிறானாம். விளங்குவானா அவன்?"

"ஏதாவது காரணம் இருக்கும்டி."

"நீங்க ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசறீங்க?"

சகலை எங்கெங்கோ அலைந்து அந்த ரத்தத்தையும் பிடித்துவிட்டார். நோய் வெளியே தெரிவதற்கு மூன்று வருடம் முன்பே மரபணு காட்டிக்கொடுத்திருந்தது. கட்டுரை முன்பைவிடப் பிரமாதமாகிவிட்டது.

பேராசிரியர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இது நோயைக் காட்டுகிறதா, நோயை உண்டாக்குகிறதா? எலிகளில் இந்த மரபணுவை அடக்கிப் பார்க்கவும்." அவருடைய சொந்த மரபணு மண்ணைக் கவ்விய இடம் அதுதான்.

சகலையின் எலிகளுக்கோ மரபணுவை அடக்கியதும் சிறுநீரகம் கெடுவது நின்றேபோனது. நோயைக் காட்டும் அடையாளம் என்று ஆரம்பித்த மரபணு, மருந்து குறிவைக்க வேண்டிய இடமாகவே ஆகிவிட்டது. பேராசிரியர் நாள் முழுக்கக் குற்றம் தேடினார். ஒரே ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. சொத்தை எழுதிக்கொடுப்பவர் போல, 'வெளியிடலாம்' என்று எழுதினார்.

கழகம் சகலையின் மரபணுவையே தேர்ந்தெடுத்தது.

"அந்தப் புண்ணியவான் குடைஞ்சு குடைஞ்சு கேட்டதாலதான் இவ்வளவும்னு தங்கச்சி சொல்றா. மகராசன் நல்லா இருக்கட்டும்!" என்று உருகிய மனைவி, ஒரு பெருமூச்சும் விட்டாள். "உங்களுக்கு இப்படிக் கேள்வி கேக்க ஒரு ஆள் வாய்க்கலையே!"

வாழ்த்துச் சொல்லப் போயே தீர வேண்டியிருந்தது. சகலை உள்ளே யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். மச்சினி காபி கொண்டுவந்தாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அந்தக் கேள்வியெல்லாம் கேட்டவர் பெரிய அறிவாளியா இருப்பார்போல. யாருன்னு தெரியுமா?" என்று பேராசிரியர் மெல்லத் தூண்டில் போட்டார். அந்தப் பெருமையாவது தனக்குக் கிடைக்கட்டும் என்று இருந்தது.

"என்ன அத்தான், தெரியாத மாதிரி கேக்கறீங்க? எனக்கே நேத்துதான் இவர் சொன்னார். யாரைவிட்டு மதிப்பிடலாம்னு பத்திரிகைல பேர் கேட்டாங்க, இவர்தான் உங்க பேரை எழுதிக் கொடுத்தார். 'சிநேகிதங்ககிட்ட கொடுத்தா நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க, உங்க அத்தான் அளவுக்கு வயித்தெரிச்சலோட வரிக்கு வரி படிக்க வேற ஆள் கிடைக்காது'ன்னு!"