புஷ்பவதி டொட் சீயே

ஆவணி பிறந்ததும் நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனிமேல் நான் முதலாளி.

எதற்கு முதலாளி என்று கேட்காதீர்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொன்றியலுக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் எனக்கு மேலே ஏழு பேர். வீட்டில் ஒரே ஒருவர், என் மனைவி புஷ்பவதி. ஏழு பேரைச் சமாளிப்பது லேசு.

புஷ்பவதி கிழமை நாட்களில் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு கார்டறியில் வேலை செய்கிறாள். சனி, ஞாயிறில் எங்கள் இல்-பிசார் வீட்டுக் குசினியில் ரோல்ஸ் உருட்டிப் பொரிப்பாள். மொன்றியலில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் கேக் இல்லாமல் நடக்கும், புஷ்பவதியின் ரோல்ஸ் இல்லாமல் நடக்காது. பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். சனம் கதவைத் திறந்ததும் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுச் சேகரிடம் போனேன். சென்னைப் பொடியன். ஐ.டி. வேலை. வீட்டிலிருந்தே வேலை செய்வதால் எப்போதும் அரைக்காற்சட்டைக்கு மேலே இஸ்திரி போட்ட ஷேர்ட்டோடு இருப்பான்.

"தம்பி சேகர், எனக்கு ஒரு வெப்சைட் வேணும்."

"பண்ணிடலாம் சார். முதல்ல ஒரு டொமைன் வாங்கணும்."

"அது என்ன சாமான்?"

"பேரு சார். இன்டர்நெட்ல உங்க விலாசம். இப்ப புஷ்பவதி டாட் சிஏ-ன்னு வச்சுக்கங்க…"

"சி.ஏ.யோ? அவ கணக்காளர் இல்லைத் தம்பி. அவ படிச்சது பிரெஞ்சு மட்டும்."

"ஐயோ சார், அது கனடாங்கறதுக்கு அடையாளம். வலது பக்கத்திலருந்து படிக்கணும். கடைசில சிஏ, அது கனடா. அதுக்கு முன்னாடி இருக்கிற பேரைத்தான் நாம பதியணும். அதுதான் டொமைன். அதுக்கும் முன்னாடி ஒரு புள்ளி வச்சு வேற ஏதாவது போட்டா அது சப்டொமைன்."

எனக்குத் தலை சுற்றியது. "வலத்திலையிருந்து படிக்க இது என்ன உருதுவோ?"

சேகர் பொறுமைசாலி. தாளில் கீறிக் காட்டினான். "டொமைன்ங்கறது நீங்க வாங்குற மனை. சப்டொமைன்ங்கறது அந்த மனைக்குள்ள நீங்களே கட்டுற அறை. அறைக்குத் தனியாப் பதிய வேண்டியதில்ல. யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. மனைக்குச் சொந்தக்காரர் நினைச்சா கட்டலாம், நினைச்சா இடிக்கலாம்."

"அப்ப புஷ்பவதி எண்ட பேரை நான் பதிஞ்சால்?"

"அந்தப் பேருக்கு நீங்கதான் சார் சொந்தக்காரர்."

கலியாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் இப்படியொரு வசனத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெயர் என் கையில். அவள் ரோல்ஸ் விற்கவேண்டுமென்றால் என் வளவுக்குள் வரவேண்டும்!

"பதியும் தம்பி, பதியும்!"

சேகர் தட்டினான். முகம் சுருங்கியது. "சார், இந்தப் பேரை ஏற்கெனவே யாரோ எடுத்துட்டாங்க."

"ஆர்?"

"தனியாள் பதிஞ்சா பேரு வெளிய காட்ட மாட்டாங்க சார்."

விலாசத்தைத் தட்டிப் பார்த்தோம். வெறும் வெள்ளைப் பக்கம். பெப்ரவரி மாதத்து இல்-பிசார் மாதிரி ஒரு வெள்ளை.

"ஒண்டுமில்லையே தம்பி!"

"வாசல்ல ஒண்ணும் வைக்கல சார். உள்ள ஏதாவது சப்டொமைன் இருக்கலாம். அதோட பேரு தெரிஞ்சாதான் போக முடியும்."

எனக்கு அது விளங்கவில்லை. வளவை வாங்கிவிட்டு வீடு கட்டாமல் பற்றை வளரவிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் விளங்கியது. என் மனைவியின் பெயரில் எவனோ ஒருவன், அல்லது எவளோ ஒருத்தி, காணி பிடித்துவிட்டாள். இரத்தம் கொதித்தது. சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது என்றான் சேகர். தமிழில் எழுதி, போனில் பிரெஞ்சாக்கி நிரப்பினேன்.

"ஐயா அல்லது அம்மணி, தாங்கள் வைத்திருக்கும் பெயர் என் குடும்பச் சொத்து. உடனே ஒப்படைக்கவும். இப்படிக்கு, மகேந்திரராசா, முகாமைப் பணிப்பாளர்."

மூன்றாம் நாள் பதில் வந்தது. பிரெஞ்சில். எனக்குப் பிரெஞ்சில் தெரிந்தது பொன்ஷூர், மெர்சி, இரண்டு வகைக் கெட்ட வார்த்தை. போனில் தமிழாக்கிப் பார்த்தேன்.

"மதிப்புக்குரிய ஐயா, புஷ்பவதி என்பவர் உங்களுக்கு யார்? அவர் என்ன செய்கிறார்? நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கான எனது மிகத் தனிச்சிறப்பான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்."

கடைசி வரியை நாலு தரம் வாசித்தேன். உணர்வுகள்! அதுவும் தனிச்சிறப்பானவை! முகம் தெரியாத ஒருத்தி, ஆம், இனி ஒருத்தி என்றுதான் வைத்துக்கொண்டேன், முதல் கடிதத்திலேயே உணர்வை வெளிப்படுத்துகிறாள்.

"என்னப்பா, போனைப் பார்த்து இளிக்கிறியள்?" புஷ்பவதி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேலைத்தலத்துச் செய்தி. ஏழாவது மனேஜருக்குக் கால் உளுக்கிப்போச்சாம்."

"அதுக்கு இளிப்போ?"

"மற்ற ஆறு பேருக்கும் உளுக்கேல்லை எண்டு கவலையும் இருக்கு."

அன்றே பதில் எழுதினேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது. "புஷ்பவதி என் மனைவி. பாவம், கணினிக்கும் கணவாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ரோல்ஸ் செய்முறை முழுக்க என் கண்டுபிடிப்பு. அவர் உருட்டுவது மட்டும்தான். மூளை நான்." கீழே, மரியாதைக்காக, நானும் கொஞ்சம் உணர்வு சேர்த்தேன்.

பதில் மறுநாளே பறந்து வந்தது. "உங்கள் திறமையை மெச்சுகிறேன். அந்தச் செய்முறையை அனுப்பினால் பெயரைத் தருவது பற்றி யோசிக்கலாம்."

செய்முறை! ரோல்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ருசி இருக்கிறது. அதற்கு மேல் தெரியாது. குசினிக்குப் போனேன். புஷ்பவதி லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சரும் புஷ்பம், சும்மா ஒரு கதைக்குக் கேக்கிறன். உந்த மரக்கறி ரோல்ஸுக்கு என்னென்ன போடுறனீர்?"

"இருபத்தொன்பது வருசம் கேக்காத கேள்வி."

"அறிவுக்குத்தான்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட். சீனி ஒரு கோப்பை."

"சீனியோ?"

"ஓம். பேந்து பெருங்காயம் ஒரு பிடி."

"ஒரு பிடியோ? கையாலையோ?"

"உங்கட கையாலை. என்ர கை சின்னன், காணாது."

ஒவ்வொரு சொல்லாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: "உங்கள் செய்முறைப்படி சமைத்தேன். அயலவர்கள் எரிவாயு கசிகிறது என்று தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார்கள். இருந்தாலும் உங்களை நேரில் பார்க்க விரும்புகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணி, ஜான்-டலோன் சந்தை, அப்பிள் கடைகளுக்கு எதிரே. கையில் ஒரு கட்டு லீக்ஸ் வைத்திருப்பேன்." கீழே வழக்கம்போல உணர்வு. இந்த முறை "மிக" இரண்டு.

சனிக்கிழமை காலை கோட் போட்டேன். சென்ட் போட்டேன்.

"எங்க, மாப்பிள்ளை வெளிக்கிடுது?" என்றாள் புஷ்பவதி.

"ஓவர்டைம்."

"பண்டகசாலைக்குக் கோட்டோ?"

"குளிர்."

"வெளியிலை இருபத்தாறு பாகை. சரி, போயிட்டு வாங்கோ. நானும் சிநேகிதி றொஷினியின்ர காரிலை கோயிலுக்குப் போறன்."

நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். தெய்வம் ஒரு பக்கம் போகட்டும், நான் ஒரு பக்கம் போகிறேன்.

சந்தையில் சனம் நெரிந்தது. ஒருவன் கத்தி நுனியில் அப்பிள் துண்டு நீட்டினான். மறுத்துவிட்டேன். வாய்க்குள் பழத்தோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. சரியாகப் பத்து மணி. எதிரே கூட்டம் விலகியது. ஒரு பெண். கையில் லீக்ஸ்.

புஷ்பவதி.

மொன்றியலில் எத்தனையோ கடை இருக்க, கோயிலுக்குப் போகிற வழியில் இவள் இங்கேயா லீக்ஸ் வாங்க வரவேண்டும்! இந்த நேரம் பார்த்து அந்தத் தனிச்சிறப்பு உணர்வுக்காரி வந்தால்? பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் குந்தினேன். அவள் நேரே குவியலுக்கு வந்தாள்.

"எழும்புங்கோ. பூசணிக்காய்க்குக் கோட் போடுறேல்லை."

"புஷ்பம், உந்த லீக்ஸை உடனை கீழை வையும்! ஆரும் கண்டால் வேற ஆள் எண்டு நினைச்சுப்போடுவினம்!"

"ஆரெண்டு நினைப்பினம்?"

"அது… கம்பனி விசயம். பேந்து விளங்கப்படுத்திறன். லீக்ஸை வையுமன்!"

அவள் வைக்கவில்லை. லீக்ஸ் கட்டைப் பூச்செண்டுபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னாள். "பொன்ஷூர், முகாமைப் பணிப்பாளர் ஐயா."

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. "அவ உம்மை அனுப்பினவவோ?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பில் அப்பிள்காரனும் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

பூக்கடைக்குப் பக்கத்து மர வாங்கில் என்னை இருத்தினாள். போனைக் காட்டினாள். புஷ்பவதி டொட் சீயே அவளுடையது. நாலு வருடமாய். முன்வாசலில் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் முன்னால் "ரோல்ஸ்" என்று போட்டுப் புள்ளி வைத்துத் தட்டினால் படம், விலை, எந்த நாளில் எத்தனை வேண்டும், எல்லாம் அங்கே. கார்டறியில் கூட வேலைசெய்யும் ஒரு பெண் காட்டிக்கொடுத்தாளாம். மிச்சம் இவளே படித்துச் செய்தது.

"அப்ப அந்த உணர்வு?" கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"பிரெஞ்சிலை எல்லாக் கடிதத்துக்கும் கீழை அப்பிடித்தான் போடுறது. தண்ணி வரிக்காரனும் எனக்குப் போட்டவன்."

"தீயணைப்புப் படை?"

"அது பொய். ஒரு பிடி பெருங்காயத்தை எழுதிப்போட்டு யோசிக்காமல் அனுப்பின ஆளுக்குப் பொய் காணும்."

அவள் லீக்ஸின் காய்ந்த தோலை மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, போன வருசம் ஒருநாள் நான் கேட்டனான். 'சனம் என்னை எப்பிடிக் கண்டுபிடிச்சு வருகுது, தெரியுமோ' எண்டு. சொல்லிக் காட்டத்தான் கேட்டனான். நீங்கள் போனிலையிருந்து தலையை எடுக்காமல் 'என்ர பேரைச் சொல்லித்தான்' எண்டியள். பேந்து நான் சொல்லேல்லை."

கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டேன்.

"கணவாய் எண்டு எழுதினது பிழைதான்."

"கணவாயைப் பற்றிப் பிரச்சினை இல்லை. செய்முறையும் உங்கடதாம், மூளையும் உங்கடதாம். ரோல்ஸ் உருட்டினது நான். கதை உருட்டினது நீங்கள்."

"மன்னிச்சுக்கொள்ளும் புஷ்பம். எனக்கும் ஒரு இடம் வேணும்போல கிடந்தது. கதவைத் திறக்கிற சனம் பெட்டியைத்தான் பார்க்குது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. "இதை முதலே வாயாலை சொல்லியிருக்கலாம். படிவம் நிரப்பியே சொல்லோணும்? சரி, உங்களுக்கு ஒரு இடம் தாறன். என்ன பேர் வேணும்?"

"முதலாளி," என்றேன். சந்தர்ப்பத்தை விடக்கூடாது.

அந்த வாங்கிலேயே போனில் தட்டினாள். இரண்டு நிமிடம். முதலாளி டொட் புஷ்பவதி டொட் சீயே! என் பதவி முன்னால், அவள் பெயர் பின்னால். வாசிக்க வாசிக்க இனித்தது. வீட்டுக்கு வந்ததும் காரை நிறுத்தாத குறையாகச் சேகரிடம் ஓடிக் காட்டினேன்.

சேகர் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "சார், இத நீங்க எந்தப் பக்கத்திலருந்து படிக்கறீங்க?"

"இடத்திலையிருந்துதான். தமிழன் வேற எப்பிடிப் படிப்பான்?"

"அப்படியே படிங்க சார்," என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று புஷ்பவதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதலாளிகள் சில்லறைக் கேள்வி கேட்பதில்லை. அடுத்த சனிக்கிழமை ஏழு வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோனேன். ஏழு வீட்டிலும் முதலாளி நேரில் வந்திருக்கிறார் என்று விளக்கினேன். ஞாயிறு பின்னேரம் என் பக்கத்துக்குச் செய்தி வந்திருப்பதாகப் போன் கிணுங்கியது. என் பக்கத்தைத் திறந்தேன். மேலே கொட்டை எழுத்தில் "முறைப்பாடுகள் மட்டும்" என்று இருந்தது. கீழே முதல் முறைப்பாடு.

"ரோல்ஸ் அருமை. ஆனால் கொண்டுவந்த ஆள் வாசலிலை நிண்டு அரை மணித்தியாலம் தன்ர பெருமை கதைச்சார். ரோல்ஸ் ஆறிப்போச்சு. ஆளை மாத்தேலாதோ?"

"பதில் எழுதுங்கோ," என்றாள் புஷ்பவதி, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. "முதலாளிதானே."

எழுதினேன். "மிக வருந்துகிறோம். அந்த ஆளைக் கடுமையாக எச்சரித்துவிட்டேன். இப்படிக்கு, முதலாளி."

"எச்சரிக்கை காணாது. அந்த ஆளை ஒரு மாதத்துக்குப் பாத்திரம் கழுவ விட்டிருக்கு எண்டும் போடுங்கோ."

போட்டேன்.